வெயிலைக் கழித்தபின்

மார்ச் 4, செவ்வாய்

ஆலடிக்கரைக்கு வந்து இரண்டாவது நாள். செண்பகம் அக்கா மெஸ்ஸின் மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் பாலம் முழுவதும் தெரிகிறது. தாமிரபரணியின் குறுக்கே ஐந்து கண் வைத்த இரும்புப் பாலம், எண்பது வயதாம். அடியில் துரு அதிகம் என்று ஐந்து மாதமாகப் பஸ் விடுவதில்லை. அக்கரையில்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம். சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர். பாரம் ஏறும்போது அடியிலுள்ள இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று எங்கள் நிறுவனம் அளந்து சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் பஸ் வரும், அல்லது வராது.

இன்று சென்சார் பொருத்தும் வேலை. பலவேசம் அண்ணன் இந்த ஊர்க்காரர். பத்து வருடமாகப் பல இடங்களில் கம்பி சென்சார் ஒட்டியிருக்கிறார். கண்ணாடி இழை சென்சார் அவருக்கு இதுதான் முதல் முறை. காலையில் எனக்குத் தலைவலி. பாலத்துக்கு அடியில் தொங்கும் இரும்புத் தொட்டிலில் அவர் மட்டும் இறங்கினார். நான் அறையிலிருந்தே போனில் சொல்லிக்கொடுத்தேன். இடையிடையே ஒரு நாவலின் கடைசி நாற்பது பக்கங்களை முடித்தேன்.

செண்பகம் அக்கா சுக்குக் காப்பி கொண்டுவந்தார்கள். "பாலத்துக்குக் காய்ச்சல் பாக்க வந்த டாக்டரம்மாவே படுத்துக்கிட்டா எப்படி?" என்றார்கள்.

மூன்று மணிக்குப் பலவேசம் அண்ணன் மேலே வந்தார். முகமெல்லாம் துருப்பொடி. "முடிஞ்சிட்டு மேடம். ஒண்ணு விடாம ஒட்டியாச்சு."

நன்றி சொன்னேன். படிவத்தில் 'நேரில் பார்வையிட்டு உறுதி செய்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தலைவலி போய்விட்டது.

மார்ச் 5, புதன்

செண்பகம் அக்காவின் மகள் பேச்சிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு. முழுப்பெயர் முத்துப்பேச்சி, அப்படிக் கூப்பிட்டால் முறைக்கிறாள்.

தலைமுடியைவிடச் சற்றுப் பருமனான கண்ணாடி இழை, அதை இரும்பில் ஒட்டுகிறோம். உள்ளே ஒளியை அனுப்பினால் ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் திரும்பி வரும். இரும்பு நீண்டால் இழையும் நீளும், திரும்பும் நிறம் துளி மாறும். சிக்கல் என்னவென்றால், வெயில் பட்டாலும் அதே மாதிரி மாறும். நிறம் மாறியது பாரத்தாலா வெயிலாலா என்று இழைக்குச் சொல்லத் தெரியாது. அதனால் பக்கத்திலேயே இன்னொரு இழை வைக்கிறோம். ஒரு சின்னக் குழாய்க்குள் எதிலும் ஒட்டாமல் தளர்வாகக் கிடக்கும். பாரம் அதைத் தொடாது, வெயில் மட்டுமே தொடும். முதல் இழை சொன்னதிலிருந்து இரண்டாவது சொன்னதைக் கழித்தால் மிஞ்சுவது பாரம்.

"அப்ப ரெண்டாவது ஒரு வேலையும் செய்யாதா?"

"சும்மா இருக்கிறதுதான் அதோட வேலை."

"எங்க மாமா மாதிரி" என்றாள். கீழே அக்கா சிரிப்பது கேட்டது. அதிலிருந்து அதற்குச் சும்மா சென்சார் என்று பெயர்.

மார்ச் 6, வியாழன்

தரவு வரத் தொடங்கிவிட்டது. மதியம் ஒரு மணிக்குப் பாலத்தின் நடைபாதையிலிருந்து கைக்கருவியால் இரும்பின் சூட்டைப் பார்த்தேன்: 44 டிகிரி. சும்மா சென்சார் 69 என்றது. காலையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

நிறமாற்றத்தை வெப்பமாக மாற்ற ஓர் எண் உண்டு. தொழிற்சாலை கொடுத்தது 10. அதை 24 என்று மாற்றினேன். இழைக்கு இழை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். இப்போது 44 காட்டுகிறது. சரியாகிவிட்டது.

மதியம் கீரைக் கூட்டு, அப்பளம்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் பொருந்துகிறது.

மார்ச் 12, புதன்

சோதனை நாள். ஆள் நிறைந்த பஸ்ஸின் எடைக்கு மணல் ஏற்றிய லாரியைப் பாலத்தில் மெதுவாக ஓட்டினார்கள். துரு தின்றது போக மிஞ்சிய இரும்பை வைத்துப் போட்ட கணக்குப்படி, இரும்பு நீளும் அளவு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று) 210 வர வேண்டும். 180-க்கு மேல் போனால் பஸ்ஸுக்கு அனுமதி இல்லை. திரையில் வந்தது 84.

சென்னை அலுவலகத்திலிருந்து என் மேலதிகாரி ரகோத்தமன் சார் போனில் கேட்டார். "இன்னொரு தரம் ஓட்டிப் பாத்தியா?"

"மூணு தரம் சார். 84, 83, 85."

"பழைய காலத்து இரும்புன்னா இரும்புதாம்மா. ரிப்போர்ட் அனுப்பு."

கணக்கு எப்போதும் பயந்த சுபாவம் உள்ளது, கூட்டித்தான் சொல்லும் என்று படித்திருக்கிறேன். அதையே எழுதி அனுப்பினேன். நன்றாக எழுதியிருந்ததாகச் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

பஸ் வந்துவிட்டது. காலை 7.40. முன்கண்ணாடியில் வாழைக்கன்று கட்டி, டிரைவருக்கு மாலை போட்டு, பாதி ஊர் சும்மாவேனும் ஏறி அக்கரைக்குப் போய்த் திரும்பியது. பலவேசம் அண்ணனையும் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார். பேச்சி படியில் நின்றாள். கண்டக்டர் திட்டி உள்ளே அனுப்பினார்.

செண்பகம் அக்கா எனக்குக் கேசரி செய்தார்கள். "இருபத்தெட்டாந் தேதி பரீட்சை தொடங்குது. எங்கன போய் ஆட்டோ பிடிப்போம்னு வயித்தக் கலக்கிக்கிட்டு இருந்துச்சு. நீ நல்லா இருப்பேம்மா."

கேசரியை முழுவதும் சாப்பிட முடியவில்லை. இனிப்பு அதிகம்.

மார்ச் 18, செவ்வாய்

காலை 7.40-க்கு விழித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 26, புதன்

நாவல்களில் குற்றம் செய்தவர்களுக்குக் காய்ச்சல் வருகிறது, தெருத்தெருவாக அலைகிறார்கள். எனக்கு நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். ஆகவே நான் எதுவும் செய்யவில்லை. இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் என்ன என்றும் யோசித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாத அறிக்கைக்காக ஒரு படம் வேண்டியிருந்தது. வெயில் ஏறி இறங்குவதைக் காட்டச் சும்மா சென்சாரின் நேர்த் தரவை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கினேன். அழகான கோடு, காலையில் ஏறி மாலையில் இறங்குகிறது. காலை 7.40-இல் மட்டும் ஒரு சிறிய முள். நேற்றும் அதே நேரத்தில். முந்தாநாள் ஞாயிறு, பஸ் பத்து நிமிடம் தாமதம், முள் 7.50-இல்.

இரும்பில் சூடு ஏற நேரம் பிடிக்கும், இறங்க அதைவிட நேரம் பிடிக்கும். பஸ் ஏறியதும் எழுந்து, பஸ் இறங்கியதும் விழுகிற வெயில் எங்கும் கிடையாது.

சும்மா இருக்க வேண்டியது சும்மா இல்லை. அதையும் ஒட்டியிருக்கிறார்கள். பாரம் ஏறும்போது அதுவும் சேர்ந்து நீள்கிறது. நான் அதை வெயில் என்று கழித்துக்கொண்டிருக்கிறேன். அது முதல் சென்சாருக்கு ஒரு முழம் மேலே இருப்பதால், அங்கே இரும்பு ஐந்தில் மூன்று பங்குதான் நீள்வதால், எல்லாமே கழிந்துபோகாமல் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்கிறது. அந்த இரண்டு பங்குதான் 84.

ஐந்து பங்கும் சேர்ந்தால் 210.

மார்ச் 6-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். மூடிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒரே ஒரு நாள் இன்னும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். என் கணக்கிலேயே தவறு இருக்கலாம். வெள்ளிக்கிழமை பேச்சிக்கு அறிவியல் பரீட்சை.

7.40 போயிற்று. ஐம்பத்திரண்டு பேர் என்று எண்ணினேன், நிற்பவர்களை முழுதாக எண்ண முடியவில்லை. 5.10 திரும்பியது.

என் கணக்கில் தவறு இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் ரகோத்தமன் சாரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: "ரெண்டரையால பெருக்கிட்டா சரியாயிடுமா?" பிறகு அவரே பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். "இருநூத்திப் பத்து" என்றார்.

"பஸ்ஸை இன்னிக்கே நிறுத்தச் சொல்லிடறேன். லெட்டர் நான் எழுதறேன். யார் ஒட்டினது?"

"பலவேசம்."

"படிவத்துல நேர்ல பாத்தேன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க. அப்போ நீ பாத்தப்ப சரியாத்தான் இருந்துது. நீ மேல வந்ததுக்கப்புறம் அந்த ஆள் தன்னிஷ்டத்துக்கு ஒட்டியிருக்கான். அப்படித்தானே?"

"ம்" என்றேன்.

ஓர் எழுத்து. இவ்வளவு படித்த எனக்கு அந்த நேரத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை.

5.10 பஸ்தான் கடைசி. ஆறு மணிக்குப் பாலத்தின் இரண்டு பக்கமும் டிரம் உருட்டி வைத்தார்கள். அதற்குச் சற்று முன்னால் பலவேசம் அண்ணன் போன் செய்தார்.

"மேடம், ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. இனி வேலைக்கு வராண்டாம்னுட்டாங்க. அந்தக் குழாய் சென்சார ஒட்டக்கூடாதாம்லா? நீங்கதானே மேடம் போன்ல ஒட்டிடுங்கன்னீங்க?"

"இல்லண்ணே. விட்டுடுங்கன்னு சொன்னேன். அப்படியே விட்டுடுங்கன்னு."

அவர் அந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றித் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தது கேட்டது. விட்டுடுங்க. ஒட்டிடுங்க. விட்டுடுங்க.

"கீழ காத்து அப்படி மேடம். பக்கத்துல நின்னு பேசினாலே கேக்காது. எங்காதுதான் தப்பாக் கேட்டிருக்கும். மன்னிச்சிக்கிடுங்க."

மன்னிப்புக் கேட்டது அவர். நான் "பரவாயில்லண்ணே" என்றேன். அப்படியேதான் சொன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேச்சி பத்து நிமிடம் தாமதமாகப் பரீட்சைக்குப் போயிருக்கிறாள். கெஞ்சி உள்ளே போனாளாம். செண்பகம் அக்கா சாதத்தை வைத்தார்கள். பிறகு, "உன்மேல என்ன தப்பும்மா? ஒட்டத் தெரியாதவன்லாம் ஒட்ட வந்தா இப்படித்தான். நாலு நாளு பொறுத்து நிப்பாட்டியிருந்தா பரீட்சையாவது முடிஞ்சிருக்கும்" என்றார்கள்.

கீழே மேசையில் யாரோ அவருக்குப் புதுப்பெயர் வைத்திருந்தார்கள். ஒட்டுப் பலவேசம். சிரிப்பு மாடிவரை வந்தது.

ஏப்ரல் 12, சனி

இன்று தொட்டிலில் இறங்கினேன்.

தலைவலி என்று ஒன்று மார்ச் 4-ஆம் தேதி இல்லை. முந்தின நாள் மாலை அந்தத் தொட்டில் காற்றில் ஆடுவதைப் பார்த்தேன், கீழே பதினாறு மீட்டரில் பாறையும் தண்ணீரும். இரவே முடிவு செய்துவிட்டேன். எனக்கு உயரம் பயம் என்று இந்த நோட்டில்கூட எழுத வெட்கமாக இருந்தது. பயப்படுவது தவறில்லை. பயந்தவள் வேறொருவரை அனுப்பலாம், வேலையைத் தள்ளிப்போடலாம், புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பார்த்தேன் என்று கையெழுத்துப் போடக்கூடாது.

தொட்டிலை இயக்கியவர், "கம்பியப் பிடிச்சிக்கிடுங்க, தண்ணியப் பாக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். குழாயின் இரண்டு முனையிலும் பசை. உள்ளேயும் நிறைத்து, பிதுங்கியதைத் துணியால் துடைத்து, மேலே பூச்சும் பூசியிருந்தார். மறைக்கப்பட்டது எதுவுமில்லை. இரண்டு நொடி பார்த்தால் போதும், ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு நொடிக்குத்தான் நான் இறங்கவில்லை.

புதிய இழையை நானே குழாயில் போட்டேன். ஒட்டாமல். மாலையில் மறுபடி லாரி. 206.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். 24 என்பது ஏதோ ஓர் எண் இல்லை. தளர்வாகக் கிடக்கும் இழைக்கு 10. இரும்பில் ஒட்டிய இழை, இரும்பு சூட்டில் விரிவதையும் சேர்த்துச் சொல்வதால், 24. இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். மார்ச் 6 அன்று 10-ஐ அழித்து 24 என்று அடித்தபோது, எதற்கு அந்த எண் சரியாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தெரியும். 'தெரிந்திருக்க வேண்டும்' என்று இந்த வாக்கியத்தை முதலில் எழுதி அடித்துவிட்டேன். தெரியும்.

தெரிந்ததைச் சொன்னால் தொட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளருக்கும் ரகோத்தமன் சாருக்கும் ஒரே கடிதம். கையெழுத்து, போன், 10, 24 எல்லாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. பலவேசத்தின் மேல் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அனுப்பிய பிறகு சாரிடமிருந்து நான்கு அழைப்புகள். ஐந்தாவதை எடுத்தேன்.

"பாலம் விழலையே பியூலா! யாருக்கும் ஒண்ணும் ஆகலையே! எதுக்கு இப்படி நீயே போய்..."

பாலம் விழாததற்கு நான் காரணமில்லை என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

பலவேசம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தபால் ஆபீஸுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. வருஷப் பிறப்பு என்பதால் வாசலில் பெரிய கோலம். அவர் மனைவி என்னை யாரென்று தெரிந்துகொண்டதும் உள்ளே போய்விட்டார்கள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தை, பயத்தை, அந்த எண்ணை.

கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "அப்ப எங்காது நல்லாக் கேட்டிருந்தா இது நடந்திருக்காதுல்லா?" என்றார்.

"நான் வந்து பாத்திருந்தா உங்க காது எப்படிக் கேட்டாலும் நடந்திருக்காதுண்ணே."

"ம்." நாற்காலியைத் துடைத்த துண்டை உதறித் தோளில் போட்டார். "லெட்டர் எழுதிட்டீங்க. சரி. லெட்டர யாரு மேடம் படிப்பா? நாலு நாளா நான் டீக்கடைக்குப் போகல. சின்னப் பிள்ளையெல்லாம் ஒட்டுன்னு கூப்பிடுது. எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது."

"என்ன செய்யணும்ண்ணே?"

"நாளைக்குக் கடைசிப் பரீட்சை. ஏழு மணிக்குப் பாலத்து முக்குல எல்லாரும் ஆட்டோவுக்கு நிப்பாங்க. அங்கன வந்து சொல்லுங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, "தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்கள். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நான்கு பேர் இருந்தாலே நான் அதிகம் பேசுவதில்லை. கல்லூரியில் மேடையேறச் சொன்னபோது நூலகத்தில் ஒளிந்துகொண்டவள். இன்று பாலத்து முக்கில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பிள்ளைகள் கையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு முணுமுணுத்தபடி நின்றார்கள். பலவேசம் அண்ணனும் வந்திருந்தார், கூட்டத்தில் சேராமல், டிரம்முக்கு அந்தப் பக்கம்.

என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. "பலவேசம் அண்ணன் மேல தப்பில்ல" என்று தொடங்கினேன். "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார் ஒருவர். மறுபடி சொன்னேன். நேரில் பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தது நான். அளவு தவறாக வந்தது அதனால். பஸ் விட்டிருக்கவே கூடாது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத் திருகிக்கொண்டே பேசியிருக்கிறேன், மணிக்கட்டு சிவந்திருந்தது.

யாரும் கத்தவில்லை. ஒரு பெரியவர், "படிச்ச பிள்ளைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். ஒருவர் டிரம்மைச் சுற்றிப் போய்ப் பலவேசம் அண்ணனின் தோளில் கை வைத்து ஏதோ கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டோ வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். பேச்சி என்னைப் பார்க்காமல் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அவளுடைய பையை எடுத்துக் கொடுத்த செண்பகம் அக்கா ஆட்டோ கிளம்பும்வரை நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"இருபத்தஞ்சு நாளு எம்பிள்ள அதுல போயிட்டு வந்திருக்கு."

"ஆமாக்கா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

போன வாரம் என்று சொல்லியிருந்தால் போதும். கடிதத்தைப் படிக்காத யாரும் மறுத்திருக்க முடியாது. அக்காவின் முகமும் அந்தப் பதிலுக்குத்தான் இடம் வைத்துக் காத்திருந்தது.

"பஸ் விடுறதுக்கு முன்னாடியேக்கா."